மயங்கி விழுந்தாரா, படித்து முடித்தாரா?

கேள்வி: வேலை கேட்டு வந்த ஓர் இளைஞர் விண்ணப்பத்தில் '2019இல் பாஸ்டு அவுட்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். "மயங்கி விழுந்தீரா தம்பி?" என்று கேட்டேன். அலுவலகமே சிரித்தது. நம் பிள்ளைகள் எப்போதுதான் பிழையில்லாத ஆங்கிலம் எழுதுவார்கள்?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: 'பாஸ் அவுட்' என்றால் ஆங்கிலத்தில் மயங்கி விழுவது என்றும் பொருள் உண்டுதான். ஆனால் ராணுவத்தில் பயிற்சி முடித்து வெளியேறுகிறவர்களின் அணிவகுப்புக்கு ஆங்கிலேயர் வைத்த பெயரே 'பாஸிங் அவுட் பரேடு'தான். பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியிலும் அதே பெயர். அங்கே எவராவது மயங்கி விழுந்தால் அது சென்னை வெயிலின் வேலை. விண்ணப்பத்தில் 'கிராஜுவேட்டடு' என்று எழுதியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக ஊரைக் கூட்டிச் சிரிக்க வேண்டுமா?

திருத்த வேண்டியவை வேறு. 'டிஸ்கஸ் அபவுட்' பிழை. 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்று சொல்லிப் பழகிய நாம், அந்தப் 'பற்றி'யைக் கையோடு கொண்டுபோய் ஆங்கிலத்திலும் ஒட்டிவிடுகிறோம். 'டிஸ்கஸ்' என்ற சொல்லுக்குள்ளேயே அது அடக்கம். 'ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட்' என்பதும் தமிழ் செய்கிற வேலைதான். 'என் நண்பர் ஒருவர்' என்று நமக்கு ஒருமையிலேயே காரியம் முடிந்துவிடுகிறது. ஆங்கிலத்திலோ நண்பர்கள் அத்தனை பேரையும் வரிசையில் நிறுத்தி, அவர்களில் ஒருவரை எடுக்க வேண்டும், ஆகவே 'ஃபிரெண்ட்ஸ்'. 'டிட் நாட் வென்ட்' பற்றிச் சொல்லவே வேண்டாம்.

'கசின் பிரதர்' விஷயத்தில் நான் நம்மவர் பக்கம். சித்தப்பா மகனுக்கும் அத்தை மகனுக்கும் ஆங்கிலேயருக்கு ஒரே சொல் போதும். ஒருவன் பங்காளி, மற்றவன் மாமன் மைத்துனன் முறை என்று பிரித்தாக வேண்டிய நமக்குப் போதாது. கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில் வெறும் 'கசின்' என்று சொல்லிப் பாருங்கள், தெரியும்.

வெளியூர் போயிருப்பவரை 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' என்றாலும் சிரிப்பீர்கள் போலிருக்கிறது. அதிகாரி பணியில் இருக்கும் ஊரை 'ஸ்டேஷன்' என்றது ஆங்கிலேயர் காலத்து வழக்கு. உங்களுக்குப் பக்கத்தில்தானே தேவனாம்பட்டினம்? அங்கே செயின்ட் டேவிட் கோட்டையை 1690இல் விலைக்கு வாங்கி, சென்னையைப் பிரெஞ்சுக்காரரிடம் பறிகொடுத்த 1746 முதல் 1752 வரை அதையே தலைமையிடமாக வைத்திருந்தது கிழக்கிந்தியக் கம்பெனி. அவர்கள் மறந்துபோன சொல்லை நாம் பத்திரமாக வைத்திருக்கிறோம். பிழை என்று எப்படிச் சொல்வது?

அந்த இளைஞருக்கு வேலை கொடுத்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. உங்கள் கடிதத்தில் 'ஒரு இளைஞர்' என்று இருந்ததை 'ஓர் இளைஞர்' என்று திருத்தி வெளியிட்டிருக்கிறேன். எங்கள் அலுவலகத்தில் யாரும் சிரிக்கவில்லை.