ராமேஸ்வரம் போனால் செத்த பவளத் துண்டை வீட்டுக்கு எடுத்து வரலாமா?

வேண்டாங்க. செத்ததோ உயிருள்ளதோ, பாறை கட்டும் பவளம் 2001-லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலி இருக்கிற அதே அட்டவணை. ஷோகேஸில் வைக்கத்தான் கேட்டிருப்பீர்கள். எங்கள் வீட்டுக்கும் அப்படித்தான் வந்தது.

நான் காசிமேடு. சின்ன வயதில், படகு பார்க்க ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊருக்குப் போன அப்பா தலை அளவு வெள்ளைப் பவளத்தை லுங்கியில் சுற்றிக் கொண்டுவந்தார். டிவி மேல் இருந்தது, வருகிறவர்கள் எல்லாம் தடவிப் பார்ப்பார்கள், எனக்கு அவ்வளவு பெருமை. கல்யாணத்துக்கு அப்புறம் கீழக்கரையில் நாத்தனார் வீட்டில் அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் மாமனார் கேட்டுவிட்டு, "செத்த கல்லுதானேன்னுதாம்மா நாங்களும் வல்லத்துல படகு படகா அள்ளிச் சுண்ணாம்புக் காளவாய்க்குப் போட்டோம். பூவரசன்பட்டின்னு ஒரு தீவு, அதுல எறங்கிச் சோறாக்கித் தின்னுருக்கேன். இன்னைக்கு அது தண்ணிக்குள்ள" என்றார். மன்னார் வளைகுடாப் பூங்காவின் 21 தீவுகளில் இரண்டு இப்படி முழுகிவிட்டன, இன்னொன்று தூத்துக்குடி பக்கம் விலங்குச்சல்லி. பார், அதான் கடலுக்குள் இருக்கிற பவளப் பாறைத் திட்டு, இருந்தால் அலை அங்கேயே உடையும். உடைந்த பவளம் ஒதுங்கி ஒதுங்கித்தான் தீவுக்கே மண் சேரும். அதை அள்ளினால் தீவு எப்படி நிற்கும்?

அன்று ராத்திரியே அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த முறை போனபோது டிவி மேல் அது இல்லை, நானும் கேட்கவில்லை.

"உங்க ஊர் லாஞ்ச், அதான் விசைப்படகு, வலையில் ஆமை சாகுதே, நீ பேசலாமா" என்று யாராவது வருவீர்கள். சாகிறது. 2025 ஜனவரியில் பங்குனி ஆமைகள் எங்கள் கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கியதைப் பார்த்து அழுதவள்தான் நான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 2023 டிசம்பரில் எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது எங்கள் ஆட்கள் வெறுங்கையோடு பக்கெட்டும் மக்கும் வைத்து அள்ளினார்களே, அப்போது இந்தக் கேள்வி கேட்கிற ஒருத்தரும் வரவில்லை. கைநிறையக் கல் எடுத்தால் கேஸ், ஆறு முழுக்கக் கெடுத்தவர்களுக்கு என்ன? அந்த ஆற்றாமை எனக்கு இன்னும் போகவில்லை.

சரி, உங்கள் விஷயம். கடையில் நீட்டினாலும் வாங்காதீர்கள். ஏர்வாடி பக்கம் பிச்சைமூப்பன்வலசையில் வனத்துறையே படகில் கூட்டிப்போய்ப் பவளத்தைக் காட்டுகிறது. கிளம்பும் முன் அன்றைக்குப் படகு ஓடுகிறதா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.