ஆய்வு அத்தியாயத்தை யாரிடம் வாசிக்கக் கொடுப்பது?

கேள்வி: நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் வளர்ந்தவள். தோட்டக் கோயில்களும் 2008 பொதுத்தேர்தலும் பற்றி மலாய் மொழியில் முதுகலை ஆய்வேடு எழுதுகிறேன். மேற்பார்வையாளரைத் தவிர வேறு யாரிடம் வாசிக்கக் கொடுக்கலாம்? ஊரில் கொடுத்தால் கட்சி, கோயில் என்று பேச்சு கிளம்பிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: பயம் நியாயமானதுதான். மலேசிய இந்தியர் காங்கிரஸின் (ம.இ.கா.) நெடுநாள் தலைவர் சாமிவேலு கையில் 1974 முதல் 2008 வரை இருந்த தொகுதி அது. அவர் தோற்றதைப் பற்றி உங்கள் ஊரில் கருத்து இல்லாத ஆளைப் பார்ப்பது கஷ்டம். அதற்காக ஒத்த கருத்துள்ளவர்களிடம் மட்டும் கொடுத்தால், புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) ஒரு கட்டைவிரல் வரும், அவ்வளவுதான். என் அத்தியாயம் ஒன்றை மூன்று நண்பர்கள் அப்படித்தான் பாராட்டினார்கள். வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியே "கோயில் நிலம் யார் பெயரில் இருந்தது?" என்று வந்தது. முழித்தேன்.

அதனால் சட்டம் தெரிந்த ஒருவரை முதலில் பிடியுங்கள். கோயில் உடைப்பு என்றதும் நாம் அரசியலமைப்பின் 11வது விதிக்கு, சமய சுதந்திரத்துக்கு ஓடுகிறோம். தோட்டக் கோயில்களோ பெரும்பாலும் கம்பெனி நிலத்தில் எழுந்தவை. பட்டா கோயில் பெயரில் இருக்காது. தோட்டம் கைமாறினால் சாமிக்கும் இடம் போச்சு. நிலம் மாநில அரசின் அதிகாரத்தில் வருவது என்பதும் சேர்ந்துகொள்ளும். சட்டக்காரர் கண்ணில் இது ஒரே வாசிப்பில் பட்டுவிடும்.

அப்புறம், உங்கள் வாதத்தை ஏற்காத ஒரு சக மாணவர். மலாய் மொழியில் எழுதுவதால் மலாய் நண்பராகவும் இருக்கலாம். ஒரு அத்தியாயமும் இரண்டு கேள்விகளும் போதும். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் மரியாதைக்குத்தான் பதில் வரும். "எந்தச் சொல்லில் எரிச்சல் வந்தது?" என்று கேளுங்கள். நாம் "உடைப்பு" என்பது அரசாங்கக் கடிதத்தில் "இடமாற்றம்" ஆகிவிடும். எதை ஏன் எடுத்தீர்கள் என்று நீங்கள் எழுதியாக வேண்டும். அடுத்தது, "நான் சொல்லும் காரணம் இல்லாமலே இந்த முடிவு வந்திருக்குமா?" கோயில் உடைப்பை எதிர்த்தும் இந்தியர் உரிமை கேட்டும் கிளம்பிய ஹிண்ட்ராஃப் இயக்கத்தின் 2007 நவம்பர் 25 பேரணியை 2008 மார்ச் தேர்தலோடு முடிச்சுப் போடுவது சுலபம். ஆனால் சாமிவேலுவை ஜெயித்த ஜெயக்குமார் தேவராஜ் 1999லும் 2004லும் அங்கேயே நின்று தோற்றவர். தோட்டத் தொழிலாளர் பிரச்சினைகளில் நெடுநாள் உழைத்தவர். விழுந்த ஓட்டில் கோயிலுக்கு எவ்வளவு, அந்த உழைப்புக்கு எவ்வளவு? இப்படிக் குடைகிற நண்பர் கிடைத்தால் விடாதீர்கள். ஒரு தே தாரிக் (இழுத்த தேநீர்) வாங்கிக் கொடுத்து, அவருடைய அத்தியாயத்தையும் நீங்கள் படித்துக் கொடுங்கள்.

கோயில் நிர்வாகத்தாரிடம் முடிவுரையைக் காட்ட வேண்டாம். ஆண்டு, இடம், திருப்பணி விவரம் உள்ள பக்கங்களை மட்டும் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. பேட்டி கொடுத்தவர் பெயரை மாற்றிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்காதீர்கள். "ஓய்வுபெற்ற கிராணி (தோட்டக் கணக்கர்), மகன் கட்சிக் கிளைத் தலைவர்" என்று எழுதினால், மார்க்கெட்டில் மீன் வாங்குகிறவருக்கும் ஆள் தெரிந்துவிடும். அந்த அடையாளங்களை மங்கலாக்கிய பிறகே பிரதியை வெளியே விடுங்கள். அதையும் தாளில் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். கோப்பாக அனுப்பினால் எந்தப் புலனக் குழுவில் போய் நிற்குமோ, யார் கண்டது?