சிமுலேட்டரில் ஓட்டிப் பழகுவது உண்மையிலேயே பயன்படுமா?

ஓமலூரிலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார்: விமானி ஆகப்போகும் மகள் தரையிலேயே இருக்கும் பாவனை விமானமான சிமுலேட்டரில் உட்கார்ந்து ஓட்டிப் பழக எதற்குப் பணம் கட்ட வேண்டும்?

கட்டாயம் கட்டுங்கள் ஐயா. உங்கள் ஊர்ப் பக்கத்துச் சேலம் (காமலாபுரம்) விமான நிலையத்துக்கு அருகிலேயே சேர்வராயன் மலை. அதை மேகம் மூடியிருக்கும் நாளில் மேகத்துக்குள் நுழைந்துவிட்டால் விமானிக்கு வெளியே எதுவும் தெரியாது. உடலின் சமநிலையை உணரும் உள்காது ஏமாற்றும், விமானம் சாய்ந்து திரும்பிக்கொண்டிருக்கும்போதே நேராகப் போவதாக உடல் நம்பும். அப்போது விமானத்தின் சாய்வைக் காட்டும் செயற்கை அடிவானக் கருவியையும் உயரமானியையும் வேகமானியையும் மாறி மாறிப் பார்த்து, அவற்றை மட்டுமே நம்ப வேண்டும். இந்தப் பழக்கத்தைச் சிமுலேட்டரில் அச்சமின்றி வளர்க்கலாம். ஆசிரியர் நடுவானில் 'நிறுத்தி' பிழையை விளக்குவார், அதே இறக்கத்தை உடனே மறுபடி செய்யச் சொல்வார். புறப்பட்டதும் இன்ஜின் நின்றுபோவதையும் அங்கேதான் துணிந்து பழக முடியும்.

அமெரிக்கரான எட்வின் லிங்க் இத்தகைய கருவியை 1929-லேயே உருவாக்கிவிட்டார். மோசமான வானிலையில் தபால் கொண்டுபோன விமானிகள் பலர் இறந்த பிறகு, 1934-ல்தான் அமெரிக்க ராணுவம் அதை வாங்கியது. எனக்கு இன்றும் வருத்தம் தரும் தாமதம் இது.

ஆனால் அசையாத சிமுலேட்டர், உள்காதின் அந்த ஏமாற்றத்தை உணர்த்தாது. வெயில் நேரத்து அனல்காற்றின் குலுக்கலையும் தராது. அதிலேயே ஊறியவர்கள் தெளிவான வானிலையிலும் வெளியே பார்க்காமல் கருவிகளையே வெறிப்பார்கள், இது ஆபத்து.

வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரப் பறப்பு வேண்டும். அதில் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சிக்கான 10 மணி நேரத்தில் 5 மணி நேரம் வரை மட்டுமே சிமுலேட்டரில் செய்யலாம். சேர்வதற்கு முன், அந்தச் சிமுலேட்டருக்கு இந்தியாவின் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ-வின் ஒப்புதல் இருக்கிறதா என்று கேளுங்கள்.