சைனஸுக்கு எக்ஸ்ரேயா, சி.டி.யா, எம்.ஆர்.ஐ.யா?

கேள்வி: எனக்கு வயது 41. ஆறு மாதமாக நெற்றியிலும் கன்னத்திலும் வலி. மூக்கடைப்பு விட்டுவிட்டு வருகிறது. ‘வலது கன்ன சைனஸ் மங்கலாக இருக்கிறது’ என்று எக்ஸ்ரே அறிக்கை சொல்கிறது. மருத்துவர் சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார். கதிர்வீச்சே இல்லாத எம்.ஆர்.ஐ. எடுத்துவிடலாமே என்கிறார் என் மைத்துனர். எது சரி?

பதில்: எடுப்பதென்றால் சி.டி.தான். ஆனால் எந்த நாளில் எடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம்.

முதலில் அந்த எக்ஸ்ரேயை ஓரமாக வையுங்கள். முகத்து எலும்புகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்த நிழல் அது. சைனஸ் என்பது முக எலும்புக்குள் இருக்கும் காற்றறை. கன்ன சைனஸில் சீழ் தேங்கி மட்டம் கட்டி நின்றால் எக்ஸ்ரேயில் தெரியும். கண்களுக்கு நடுவே தேன்கூடு போலிருக்கும் எத்மாய்டு அறைகளும், சைனஸ் மூக்குக்குள் வடியும் இடுக்கும் சரியாகத் தெரியாது. நாட்பட்ட தொல்லையில் கோளாறு பெரும்பாலும் அந்த இடுக்கில்தான். ‘மங்கல்’ என்பது சளியாக இருக்கலாம், வீங்கிய சவ்வாக இருக்கலாம், சதை வளர்ச்சியாகவும் இருக்கலாம். படமெடுக்கும்போது தலை சற்றுத் திரும்பியிருந்தாலும் ஒரு பக்கம் மங்கும்.

சி.டி. அந்த இடுக்கை மெல்லிய துண்டுகளாக வெட்டிக் காட்டும். மூக்குத் தண்டு வளைவு, சைனஸிலிருந்து கண்ணையும் மூளையையும் பிரிக்கும் மெல்லிய எலும்பு எல்லாம் தெரியும். அறுவை சிகிச்சை செய்பவருக்கு அதுவே வழிகாட்டி. உங்களுக்கு ஒரு பக்கம் மட்டும் மங்கியிருப்பதால், மேல் கடைவாய்ப் பற்களின் வேர்களையும் பார்க்கச் சொல்லுங்கள். சொத்தைப் பல்லின் சீழ் மேலே ஏறி சைனஸ் நோயாக உலவுவது அபூர்வமல்ல. வழக்கமான சைனஸ் சி.டி.க்கு, படம் தெளிவாகத் தெரிவதற்காகப் போடும் கான்ட்ராஸ்ட் ஊசி தேவையில்லை. கதிர்வீச்சும் பெரும்பாலும் 1 மில்லிசீவர்ட்டுக்குள் அடங்கும்; இயற்கையிலிருந்தே ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 பெறுகிறார்.

இனி நாள் விஷயம். ஜலதோஷம் பிடித்த 31 பேருக்கு அமெரிக்காவின் வர்ஜீனியாவில் சி.டி. எடுத்துப் பார்த்து 1994இல் வெளியிட்டார்கள். 87 சதவீதம் பேருக்குக் கன்ன சைனஸில் மாற்றம் இருந்தது. சில வாரம் கழித்து மறுபடி எடுத்தபோது, ஆன்டிபயாட்டிக் இல்லாமலேயே பெரும்பாலோருக்கு அது மறைந்திருந்தது அல்லது நன்றாகக் குறைந்திருந்தது. ஆகவே சளியோடு போய்ப் படுக்காதீர்கள். அதற்கும் முன்பு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம், மூக்குக்குள் மெல்லிய கேமரா குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி செய்துகொள்ளுங்கள். சில நிமிட வேலை. சீழும் சதை வளர்ச்சியும் கண்ணெதிரே தெரிந்துவிடும். மூக்கு ஸ்பிரே, உப்புநீர்க் கழுவல் எனச் சில வார சிகிச்சைக்குப் பிறகும் நீடிப்பதைக் காட்டும் சி.டி.யே பயனுள்ளது.

உங்கள் மைத்துனர் கதிர்வீச்சு பற்றிச் சொன்னது சரி. ஆனால் எம்.ஆர்.ஐ.யில் காற்றும் கறுப்பு, மெல்லிய எலும்பும் கறுப்பு. காய்ந்து இறுகிய பூஞ்சை உருண்டையும் கறுப்பாகவே தெரிந்து, காலியான சைனஸ் என்று ஏமாற்றும். அதேசமயம், கட்டி எது, தேங்கிய சளி எது என்று பிரிக்கவும், நோய் கண்ணுக்கோ மூளைக்கோ பரவியதா என்று அறியவும் எம்.ஆர்.ஐ.க்கு இணையில்லை. 2021இல் கொரோனாவை ஒட்டிக் கறுப்புப் பூஞ்சை பரவியபோது அதன் அருமை தெரிந்தது.

இன்னொன்று. ‘தலையில் நீர் கோத்திருக்கிறது’ என்று நாம் சொல்லும் வலியில் பெரும்பகுதி சைனஸே அல்ல. சைனஸ் தலைவலி என்று கருதப்பட்ட 2,991 பேரைப் பற்றி 2004இல் வந்த ஆய்வில், 88 சதவீதம் பேருக்கு இருந்தது மைக்ரேன் வகை வலி. எண்டோஸ்கோப்பியும் சி.டி.யும் சுத்தமாக இருந்தால் அடுத்து நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். மூன்றாவதாக ஒரு ஸ்கேன் வேண்டாம்.

கண் வீங்கினாலோ, பார்வை மங்கினாலோ, பொருள்கள் இரண்டாகத் தெரிந்தாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ இந்த வரிசையெல்லாம் பொருந்தாது. சர்க்கரை நோயாளிக்குக் கன்னம் மரத்துப்போய் மூக்கில் கறுத்த பொருக்கு தெரிந்தாலும் அப்படித்தான். அன்றைக்கே, இரவானாலும், பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.