கலங்கிய ஆற்றில் கால் வைக்கும் முன்

கேள்வி: நானும் என் மைத்துனரும் ஞாயிறுதோறும் சுங்கை மூடா ஆற்றில் இடுப்பளவு நீரில் நின்று தூண்டில் போடுவோம். சென்ற மாதம் இரண்டடி நகர்ந்தபோது காலடியில் தரையே இல்லாமல் போய், கழுத்துவரை மூழ்கிவிட்டேன். மைத்துனர்தான் கையைப் பிடித்து இழுத்தார். எனக்கு நீரிழிவும் உண்டு. மீன்பிடிப்பதை விட மனமில்லை. என்ன செய்யலாம்?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: மணல் அள்ளப்பட்ட ஆற்றில், நேற்று முழங்காலளவு இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஆளை மூழ்கடிக்கும் குழி இருக்கலாம். கலங்கிய நீரில் கண்ணால் அறிய முடியாததைக் கோலால் அறிய வேண்டும். நெஞ்சளவு உயரமுள்ள உறுதியான மூங்கில் கழியை முன்னே ஊன்றி, தரை தட்டுப்பட்ட பிறகே, ஒரு காலை மட்டும் தரையோடு உரசினாற்போல் நகர்த்துங்கள். கழிமுகப் பகுதிகளில் சேற்றில் படுத்திருக்கும் திருக்கையும் அந்த அசைவில் விலகிவிடும்.

இடுப்பளவு நீரை இனி மறந்துவிடுங்கள். நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது உங்களைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். ஆகவே ஓட்டமுள்ள இடத்தில் முழங்காலுக்கு மேல் இறங்க வேண்டாம். உயரமான ரப்பர் பூட்ஸ் சேற்றில் சிக்கும், நீரும் நிரம்பும். கயிறு கட்டி இறுக்கிய காலணியே ஏற்றது. உயிர்காப்பு அங்கியைக் கரையில் வைக்காமல் உடலில் அணியுங்கள்.

சேற்றில் கால் புதைந்தால் பலத்தோடு இழுக்காதீர்கள். பின்னால் சாய்ந்து உடல் எடையைப் பரப்பி, ஒரு காலை மெல்ல ஆட்டி ஆட்டி, நீர் உள்ளே புகும்படி விடுவித்த பிறகே அடுத்த காலைத் தொடுங்கள். உங்களைக் காப்பாற்ற மைத்துனர் நீரில் நின்றபடியே கைகொடுத்தது பாசத்தால்தான். ஆனால் இருவரும் ஒரே குழியில் அகப்பட்டிருக்கக்கூடும் என்பதை நினைக்கவே மனம் பதறுகிறது. அடுத்த முறை அவர் கரையேறி நின்றே கயிற்றையோ கழியையோ நீட்டட்டும், 999க்கும் அழைக்கட்டும்.

நீரின் நிறம் திடீரென மாறினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, இங்கு வெயில் அடித்தாலும் மேற்பகுதியில் மழை என்று பொருள். வாளியை எடுக்கவும் நிற்காமல் கரையேறுங்கள்.

நீரிழிவு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் நாட்டு ஈரமண்ணிலும் கலங்கிய நீரிலும் வாழும் ஒருவகைக் கிருமி, சிறு காயத்தின் வழியே புகுந்து மெலியோய்டோசிஸ் எனும் கடும் நோயை உண்டாக்கும். நீரிழிவு உள்ளவர்களுக்கே அதனால் ஆபத்து மிகுதி. பாதத்தில் உணர்வு குறைந்திருந்தால் காயம் பட்டதே தெரியாது. புறப்படும் முன்னும் திரும்பிய பின்னும் விரலிடுக்குகள்வரை பாருங்கள். சிறு கீறல் இருந்தாலும் அந்த வாரம் கரையில் நின்றே தூண்டில் போடுங்கள்.

கேள்வி: ஆற்றில் மீன்பிடித்து வந்த என் மகனுக்கு எட்டு நாள் கழித்துக் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண்டுள்ளன. ஆற்று நீர் காரணமாக இருக்குமா?
– வாசகி, நிபோங் திபால்

பதில்: இருக்கலாம், அம்மா. எலியின் சிறுநீர் கலந்த நீரால் பரவும் எலிக்காய்ச்சல் பெரும்பாலும் 5 முதல் 14 நாள்களுக்குள் வெளிப்படும். கெண்டைக்கால் வலியும் கண் சிவத்தலும் அதில் காணப்படும். தொடக்கத்தில் டெங்கியைப் போலவே தோன்றும் என்பதால், மகன் ஆற்றில் இறங்கிய நாளை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இன்றே கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள்.