அண்ணல் அம்பேத்கரைப் பார்க்க பரேலில் இருந்து தொடங்குங்கள்

தாராவியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "தோல் பட்டறையில் முப்பது வருடம் உழைத்த அப்பாவையும் ஏழாவது படிக்கும் மகளையும் சைத்ய பூமிக்கு அழைத்துப்போக ஆசை. அப்பாவுக்கு மூட்டுவலி. டிசம்பர் 6 அன்று போகலாமா? அம்பேத்கர் தொழிலாளர் தலைவராகவும் இருந்தவர் என்று அப்பா சொல்கிறார். அதைப் பிள்ளைக்கு எங்கே காட்டுவது?"

அப்பா சொல்வது சரி. ஆனால் அதைக் காட்ட, தாதர் கடற்கரையில் இருக்கும் அம்பேத்கர் நினைவிடமான சைத்ய பூமி மட்டும் போதாது. முதலில் மும்பையின் பழைய மில் பகுதியான பரேலுக்குப் போங்கள்.

அங்கே இருக்கும் பி.ஐ.டி. சால் என்ற வரிசை அறைக் குடியிருப்பில்தான் அண்ணல் 1912 முதல் சுமார் இருபது ஆண்டுகள் குடியிருந்தார். இரண்டாவது மாடியில் சின்ன அறைகள், சுற்றிலும் மில் தொழிலாளர் குடும்பங்கள். அப்பா படி ஏற வேண்டாம், கீழே நின்று பார்த்தாலே போதும். இன்றும் மக்கள் வாழும் இடம் என்பதால், படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அங்கே நின்று மகளுக்கு ஒரு விஷயம் சொல்லுங்கள். அந்தக் காலத்து மில்லில் தறி நாடாவின், அதாவது குறுக்கு நூலைச் சுமந்து தறியில் ஓடும் கட்டையின், துளை வழியாக நூல் நுனியை வாயால் உறிஞ்சி இழுப்பார்கள். தலித் தொழிலாளி வாய் வைத்த நாடாவைத் தொட மற்றவர்கள் மறுத்தார்கள். அதனால் கூலி அதிகம் கிடைத்த நெசவுப் பிரிவில் தலித்துகளுக்கு இடமே இல்லை. 1928 வேலைநிறுத்தத்தின்போது, இந்தத் தடையை நீக்குவதும் தொழிலாளர் கோரிக்கையாக வேண்டும் என்று அண்ணல் வற்புறுத்தினார். கூலிக்காகப் போராடும் சங்கத்துக்குள்ளேயே தீண்டாமையைக் கேள்வி கேட்டார் பாருங்கள், என் மனதில் அவர் தொழிலாளர் தலைவராக நிற்பது அங்கேதான்.

அதே பரேலில் காம்கார் மைதானம். வேலைநிறுத்த உரிமையை நெரிக்க வந்த தொழில் தகராறு மசோதாவை எதிர்த்து, 7 நவம்பர் 1938 அன்று அவருடைய சுதந்திரத் தொழிலாளர் கட்சியும் கம்யூனிஸ்டுகளும் சேர்ந்து ஒருநாள் வேலைநிறுத்தம் நடத்தினார்கள். அன்றைய பெருங்கூட்டம் கூடியது இங்கேதான். அப்பாவை இங்கே கொஞ்சம் உட்கார வையுங்கள், தன் பட்டறைக் கதையை அவரே பேத்திக்குச் சொல்லட்டும். வாரம் 54 மணி நேரமாக இருந்த ஆலை வேலையை 48 ஆகக் குறைத்த 1946 சட்டத் திருத்தத்தைக் கொண்டுவந்தவர், அப்போது வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கவனித்த அண்ணல்தான். பட்டறையில் எத்தனை மணி நேரம் நின்றார் என்று பேத்தி கேட்கட்டும்.

அப்புறம் தாதர் கிழக்கில், இந்து காலனியில் இருக்கும் ராஜகிருகம். புத்தகங்களுக்கு இடம் வேண்டும் என்பதை மனதில் வைத்து அண்ணல் கட்டிய வீடு. குடும்பத்தினர் வசிக்கும் இடம், தரைத்தளம் மட்டும்தான் நினைவிடம். திறக்கும் நேரத்தை விசாரித்துவிட்டுப் போங்கள்.

ரயில் பாலப் படிகள் அப்பாவுக்கு ஆகாது. ஆட்டோ தாதர் பக்கம் வராது. டாக்சிதான் வழி.

அண்ணலின் நினைவு நாளான டிசம்பர் 6 இந்த முறை வேண்டாம். லட்சக்கணக்கானோர் வருவார்கள், வரிசையில் பல மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும். ஆனால் அன்று சிவாஜி பார்க்கில் விரியும் புத்தகக் கடைகளை மகள் ஒருநாள் பார்க்கத்தான் வேண்டும். இன்னொரு வருடம் அவளை மட்டும் கூட்டிப்போங்கள்.

சாதாரண நாளில் சைத்ய பூமியில் நிதானமாக நிற்கலாம். 1956 டிசம்பர் 7 அன்று அண்ணலின் உடல் எரியூட்டப்பட்ட கடற்கரை அது. வெயில் தாழ்ந்ததும் போங்கள், கடல்காற்று இதமாக இருக்கும். செருப்பை வெளியே விட வேண்டும், குனியாமல் கழற்றி மாட்டக்கூடிய செருப்பாக அப்பாவுக்குப் போட்டுவிடுங்கள்.