ஃபேஸ்புக்கை ஏன் விட்டேன்: குமுளியிலிருந்து ஒரு பதில்

கேள்வி: ஃபேஸ்புக் கணக்கையே அழித்துவிட்டு வெளியேறியவர்கள், எதனால் அந்த முடிவுக்கு வந்தீர்கள்? கொஞ்ச நாள் ஒதுங்கியிருந்தால் போதாதா?

நேரம் வீணாகிறது, தூக்கம் கெடுகிறது என்று நிறைய பேர் எழுதியிருக்கிறார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் என் காரணம் வேறு. நான் வாழ்கிற ஊர் ஒன்று, ஃபேஸ்புக்கில் தெரிகிற என் ஊர் இன்னொன்று என்று ஆகிவிட்டது. இரண்டாவது ஊரில் இருக்க எனக்கு இஷ்டமில்லை.

நான் இருப்பது குமுளி. கம்பம், கூடலூர், லோயர்கேம்ப் தாண்டி மலை ஏறினால் வருகிற எல்லை ஊர். இந்தப் பக்கம் தேனி மாவட்டம், அந்தப் பக்கம் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். இடுக்கிப் பக்கம் எங்களுக்கு ஒரு மலைச்சரக்குக் கடை இருக்கிறது. ஏலம், மிளகு, கிராம்பு வாங்கி விற்கிறோம். வருகிறவர் எந்த மொழியில் கேட்கிறாரோ அந்த மொழியில் விலை சொல்வோம். விடியும் முன்பே கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறி வரும். அவர்கள் வராவிட்டால் இங்கே காய் எடுக்க ஆள் போதாது. தோட்டம் இல்லாவிட்டால் அங்கே பல வீட்டில் அடுப்பு எரியாது. யாரும் யாருக்கும் தயவு செய்யவில்லை, ஒருத்தரை நம்பித்தான் இன்னொருத்தர் பிழைப்பு.

எங்களுக்கு நடுவில் முல்லைப்பெரியாறு அணை இருக்கிறது. 1886-ல் ஒப்பந்தம் போட்டு, 1895-ல் கட்டி முடித்தது. அணை நிற்பது கேரளத்தில். தண்ணீர் வருவது தமிழ்நாட்டுக்கு. தேனியில் தொடங்கி ராமநாதபுரம் வரை அதை நம்பி விவசாயம் நடக்கிறது. 142 அடி வரை தேக்கலாம் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பெரியாற்றங்கரையில் குடியிருப்பவர்களுக்கு அணை உடையுமோ என்ற உயிர்ப் பயம், கம்பம் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்குத் தண்ணீர்ப் பயம். இரண்டுமே நிஜமான பயம். இரண்டையும் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பொறுமையாகப் பேசுகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். ஃபேஸ்புக்கில் அவர்களில் ஒருத்தரைக்கூடப் பார்த்ததில்லை.

அங்கே பார்த்ததெல்லாம் மலையாளிக்கும் தமிழனுக்கும் சண்டை. மழை பிடித்தால் போதும், ஆரம்பித்துவிடும். 2021 அக்டோபரில் அணையையே கைவிடச் சொல்லி கேரளத்தில் ஒரு பெரிய ஹேஷ்டேக் ஓடியது. பதிலுக்கு நம் பக்கத்திலிருந்தும் வசவு. சண்டை போட்டவர்களில் எத்தனை பேருக்கு வண்டிப்பெரியாறு தெரியும்? அணைக்குக் கீழே ஆற்றோரத்தில் முதலில் வருகிற பெரிய ஊர் அது. அங்கே தேயிலை எஸ்டேட் லயங்களில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) தலைமுறை தலைமுறையாக இருப்பவர்களில் ஏராளமானவர்கள் தமிழர்கள். அந்த வருஷம் டிசம்பரில் ராத்திரி நேரத்தில் ஷட்டர் திறந்து ஆற்றோர வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தபோது, பாயைச் சுருட்டிக்கொண்டு மேட்டுக்கு ஓடியவர்களில் தமிழ் பேசுகிறவர்களும் இருந்தார்கள். இதை யாராவது எழுதினால் அந்தப் பதிவுக்குப் பத்து லைக் வராது. "அவன் நம்ம தண்ணியைத் தடுக்கிறான்" என்று எழுதினால் ஆயிரக்கணக்கில் போகும்.

ஏன் அப்படி என்று தேடிப் படித்தேன். ஃபேஸ்புக் நிறுவனத்தில் வேலை பார்த்த பிரான்சிஸ் ஹாகன் என்பவர் 2021-ல் உள் ஆவணங்களை வெளியே கொண்டுவந்தார். எந்தப் பதிவை மேலே காட்டுவது என்று கணக்கிடும்போது, 2017-லிருந்து கோபம், சிரிப்பு, அழுகை போன்ற முகக்குறிகளுக்குச் சாதாரண லைக்கைவிட ஐந்து மடங்கு எடை கொடுத்திருந்தார்கள் என்பது அந்தச் சமயத்தில் செய்தியாக வந்தது. கோப முகத்தின் எடையை 2020-ல் பூஜ்யமாக்கிவிட்டார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் 2018 ஜனவரியிலேயே, மக்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ள வைக்கிற பதிவுகளுக்கு முன்னுரிமை என்று அறிவித்து, கமெண்ட் நிறைய விழுகிற பதிவுகள் மேலே வருகிற மாதிரி மாற்றியிருந்தார்கள். சொந்தபந்தம், சிநேகிதர்கள் நெருங்கிவர வேண்டும் என்பதுதான் சொன்ன நோக்கம். அணை விவகாரத்தில் எந்தப் பதிவுக்குக் கமெண்ட் குவியும் என்று எங்கள் ஊர்ச் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நல்லெண்ணத்தில் செய்த ஏற்பாடாகவே இருக்கட்டும், எல்லையில் இருக்கிற ஊருக்கு அது வந்து சேர்கிற விதம் இதுதான்.

2024 ஜூலை கடைசியில் வயநாட்டில் நிலச்சரிவு. மனசு யாருக்குமே சரியில்லாத நேரம். அந்த வாரம் எங்கோ ஒரு அணையில் ஷட்டர் திறக்கிற வீடியோவை, முல்லைப்பெரியாறு என்று போட்டுச் சுற்றவிட்டார்கள். வண்டிப்பெரியாறில் இருக்கிற என் சித்தி ராத்திரி பதினோரு மணிக்கு போன் பண்ணி, "தம்பி, ரேஷன் கார்டையும் பேங்க் புக்கையும் எடுத்து வச்சுட்டேன், வேற என்ன எடுக்கணும்?" என்று கேட்டார். குரல் நடுங்கியது. நீர்மட்டம் 136 அடியைத் தொட்டாலே கரையோரத்துக்கு முதல் எச்சரிக்கை வந்துவிடும், அப்படி ஒன்றும் வரவில்லை, படுத்துத் தூங்குங்கள் சித்தி என்று சொல்லி முடிக்க நெடுநேரமானது. அந்த வீடியோவைப் பகிர்ந்தவர்களில் எங்கள் மச்சான் ஒருவரும் உண்டு. கம்பத்தில் உட்கார்ந்துகொண்டு, "வருது பாரு" என்று எழுதியிருந்தார்.

முடிவு எடுத்தது அதற்குச் சில நாள் கழித்து. பக்கத்து பேக்கரிக்காரர் மகனைத் தூக்கி வளர்த்தவர்களில் நானும் ஒருத்தன். அவன் ஒரு பக்கத்தில் போட்டிருந்த கமெண்ட் என் கண்ணில் பட்டது. "பாண்டிகளை மலை இறக்கி விடணும்" என்ற ரீதியில் இரண்டு வரி. பாண்டி என்பது தமிழர்களை இளக்காரமாகச் சொல்கிற வார்த்தை. மறுநாள் காலையில் கடைக்கு வந்து, எப்போதும் போலச் சிரித்துக்கொண்டே, "அண்ணா, நல்ல 8 மில்லிமீட்டர் ஏலக்காயா ஒரு கிலோ எடுத்து வைங்க, சேச்சி கல்யாணத்துக்கு வேணும்" என்றான். நான் தராசில் காயைப் போடுகிறேன், கண் அவன் முகத்தில் நேற்றைய வரியைத் தேடுகிறது. அங்கே அது இல்லை. அவன் எழுதியது யாரோ ஒரு கூட்டத்துக்கு, எனக்கு இல்லை. அந்தக் கூட்டத்தில் நானும் அடக்கம் என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை. அவனிடம் அதைக் கேட்கவும் எனக்கு மனம் வரவில்லை. கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு போய் வந்தோம்.

நேரில் பார்க்கிற பையனை நம்புவதா, அந்த இரண்டு வரியை நம்புவதா? நான் பையனை நம்புவது என்று தீர்மானித்தேன். அந்த இரண்டு வரியைக் கொண்டுவந்து கொடுக்கிற இடத்தில் இனி இருக்க வேண்டாம் என்று கணக்கை அழித்தேன்.

ஃபேஸ்புக் இல்லாவிட்டால் சண்டை வராது என்று சொல்ல மாட்டேன். இதே அணைப் பிரச்சினையில் 2011 டிசம்பரில் குமுளியில் கடைகள் அடைத்து, 144 போட்டு, கம்பம் சாலை மூடியபோது எங்கள் பக்கம் கையில் ஃபேஸ்புக் வைத்திருந்தவர்கள் கொஞ்சப் பேர்தான். ஜீப் ஓடாமல் தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள் பட்ட பாட்டை நேரில் பார்த்திருக்கிறேன். ஆனால் அன்று சாலை திறந்ததும் ஜனங்கள் பழையபடி முகம் பார்த்துப் பேசினார்கள். இப்போது சாலை திறந்தே கிடக்கிறது, கைப்பேசிக்குள் மட்டும் ஓயாமல் 2011 ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒதுங்கியிருந்தால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். முடக்கி வைத்தும் பார்த்தேன். பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே போனால் எல்லாம் பழையபடி வந்து நிற்கும். மழைக்காலத்தில் அணைச் செய்தி கேட்டதும் கை தானாக அங்கே போகும். என் மாதிரி ஊரில் இருப்பவர்களுக்கு ஒதுங்குவது சரிப்படாது என்பதுதான் என் அபிப்பிராயம். கடை வியாபாரமே ஃபேஸ்புக் பக்கத்தை நம்பி நடக்கிறவர்களுக்கு நிலைமை வேறு. அவர்களை விடச் சொல்ல எனக்கு வாய் வராது.

இழப்பும் உண்டு. வளைகுடாவில் இருக்கிற பள்ளிக்கூடத் தோழர்கள் சிலரோடு தொடர்பு விட்டுப்போனது. ஒரு வாத்தியார் இறந்த செய்தி காரியம் முடிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அது இன்னும் உறுத்துகிறது. ஏலக்காய் விலைக்கு மட்டும் கவலையில்லை. புத்தடி, போடி ஏல மையங்களில் போகிற விலையை மத்திய அரசின் ஸ்பைசஸ் போர்டு தன் தளத்திலேயே போடுகிறது. வாட்ஸ்அப் வைத்திருக்கிறேன். 2014-லிருந்து அதுவும் அதே நிறுவனத்துடையதுதான், தெரியும். ஆனால் அதில் நான் யாரோடு பேசுகிறேன் என்பதை நான்தான் முடிவு செய்கிறேன், அந்த வித்தியாசம் எனக்குப் போதும்.

நீங்களும் விடுவதாக இருந்தால், முதலில் உங்கள் தகவல்களை டவுன்லோட் செய்துகொள்ளுங்கள். அப்பா அம்மா பழைய படங்கள் அங்கே மட்டும்தான் இருக்கும், அழித்த பிறகு கிடைக்காது. தயாரான ஃபைல் வந்து சேர நேரம் எடுக்கலாம், அதனால் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். ஃபேஸ்புக் வழியாக லாகின் செய்கிற வேறு ஆப்கள் இருந்தால் அவற்றுக்குத் தனி பாஸ்வேர்டு வைத்துவிடுங்கள். நீங்கள் அட்மினாக இருக்கிற குழுவை வேறொருவர் கையில் ஒப்படையுங்கள். யார் நம்பர் வேண்டுமோ கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் செட்டிங்ஸில் இருக்கிற அக்கவுண்ட்ஸ் சென்டரில் போய், முடக்குவது, அழிப்பது என்ற இரண்டில் அழிப்பதைத் தேர்ந்தெடுங்கள். 30 நாள் வரை மனசு மாறினால் ரத்து செய்துகொள்ளலாம். அதன் பிறகு அவர்களுடைய சர்வரிலிருந்து எல்லாம் நீங்க 90 நாள் வரை ஆகலாம் என்று சொல்கிறார்கள். நீங்கள் மற்றவர்களுக்கு அனுப்பிய மெசேஜ்கள் அவர்கள் பெட்டியில் அப்படியே இருக்கும், கணக்கை அழிப்பதால் அவை போகாது. இதில் 30 நாள் என்பது கவனமாக இருக்க வேண்டிய காலம். மழைக்காலத்தில் ஆரம்பிக்காதீர்கள். நான் தை மாதத்தில் செய்தேன்.